தன் குரலைத் தானே கேட்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதில் உள்ள மைக்கை வீடியோ அழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு என்பதை நான் ஒரு மூன்றாம் வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன்.

என் அக்கா தொடக்கப் பள்ளி ஆசிரியை. "கேள்வி கேட்டா எல்லாரும் சேர்ந்து கத்துறாங்க. தனியா எழுப்பினா ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. உன் கம்ப்யூட்டர்ல ஏதாவது வழி இருக்காடா?" என்றார். சாப்ட்வேர் இன்ஜினீயர் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு சாப்ட்வேர் வைத்திருப்பான் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது லேப்டாப்பையும் ஒரு ஹெட்செட்டையும் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.

நான் பயன்படுத்தியது ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இலவச புரோகிராம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். சிவப்பு வட்டத்தைக் கிளிக் செய்தால் பதிவு தொடங்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நிற்கும். தனி புரோகிராம் வேண்டாம் என்றால் விண்டோஸ் 11இல் உள்ள சவுண்ட் ரெக்கார்டரே போதும். விண்டோஸ் 10இல் அதன் பெயர் வாய்ஸ் ரெக்கார்டர்.

முதல் நாளே சொதப்பினேன். ஒரு சிறுமி அம்மாவுடன் சந்தைக்குப் போன கதையை முணுமுணுப்பாக மூன்று வரி சொன்னாள். அதை உடனே ஸ்பீக்கரில் போட்டேன். வகுப்பே சிரித்தது. இரண்டு நாள் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்தது. தவறு என்னுடையது.

பிறகு முறையை மாற்றினோம். லேப்டாப் மூலைக்குப் போனது. பேசிய பிள்ளைதான் ஹெட்செட்டில் முதலில் கேட்கும். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மீண்டும் பேசலாம். ஆசிரியைக்குக் கேட்கக் கொடுப்பதும் பிள்ளையின் விருப்பம். திரையில் ஓடும் ஒலி அலை நான் எதிர்பாராத உதவி செய்தது. மெதுவாகப் பேசினால் கோடு நூலாக இருக்கும்; குரல் உயர்ந்தால் தடிக்கும். "சத்தமா பேசு" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிறுமி ஐந்து முறை அழித்தாள். ஆறாவது முறை ஹெட்செட்டைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள்.

கேட்கும் பயிற்சிக்கு எங்கள் பாட்டி சொன்ன கதையைப் பதிவு செய்தோம். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். பல்லி, பள்ளி போன்ற சொற்களைப் பதிவு செய்து, எதைக் கேட்டோம் என்று படத்தைத் தொடச் சொல்லலாம். வேகம் அதிகம் என்றால் எபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போவைத் தேர்ந்தெடுத்து -20 கொடுக்கவும். சேஞ்ச் ஸ்பீடு வேண்டாம். வேகத்தோடு குரலும் கட்டையாகிவிடும், பிள்ளைகள் பூதம் என்று சிரிப்பார்கள்.

மோனோவில் பதிவு செய்தால் போதும். வழக்கமான தரத்தில் வேவ் பைல் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்.பி. இடம் பிடிக்கும், ஸ்டீரியோ என்றால் இரட்டிப்பு. பிள்ளைகளின் குரலைப் பெற்றோரின் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

ஒரே ஹெட்செட் என்பதால் நாளைக்கு ஐந்து பேருக்குத்தான் முறை வருகிறது. இன்னொன்று வாங்கச் சொல்லியிருக்கிறார் அக்கா. நீங்களும் வாங்கப் போனால் பின்னைப் பார்த்து வாங்கவும். இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே துளைதான் இருக்கும். இரண்டு பின் உள்ள பழைய ஹெட்செட்டை அதில் நேரடியாகச் செருக முடியாது.