சுத்தமான மின்சாரம்: கலிஃபோர்னியா சட்டமும் அதன் சுமையும்

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்ததா, காற்றாலையிலிருந்து வந்ததா என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மின் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. அந்த முடிவை நிறுவனத்தின் விருப்பத்திற்கு விடாமல் சட்டத்திற்குள் கொண்டுவந்த மாநிலங்களில் ஒன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா. பூமியை அல்லாஹ் தந்த அமானிதமாகக் கருதும் நாம், இந்தச் சட்டம் எப்படிச் செயல்படுகிறது, அதன் சுமை யார் மீது விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

படிப்படியாக உயர்ந்த இலக்கு

2002-ல் வந்த முதல் சட்டம், 2017-க்குள் மின் விற்பனையில் 20 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்றது. 2011-ல் இலக்கு, 2020-க்குள் 33 சதவீதம் என உயர்ந்தது. நகராட்சிகள் நடத்தும் மின் நிறுவனங்களும் அதற்குள் வந்தன. 2015-ல் அது 2030-க்குள் 50 சதவீதம் ஆனது. 2018 செப்டம்பர் 10 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் 2030-க்குள் 60 சதவீதம் என்றும், 2045-க்குள் முழு மின் விற்பனையும் கார்பன் வெளியிடாத வழிகளில் என்றும் நிர்ணயித்தது. 2035-ல் 90, 2040-ல் 95 சதவீதம் என்ற இடைக்கால இலக்குகள் 2022-ல் சேர்க்கப்பட்டன.

கண்காணிப்பு எளிமையானது. புதுப்பிக்கத்தக்க வழியில் உற்பத்தியாகும் ஒவ்வோர் ஆயிரம் யூனிட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. தன் விற்பனைக்கு ஏற்ற எண்ணிக்கையில் சான்றிதழ்களை நிறுவனம் கணக்கில் காட்ட வேண்டும். சூரிய ஒளி, காற்று, புவிவெப்பம், சிறிய நீர்மின் நிலையங்கள் போன்றவை இதில் சேரும். பெரிய அணைகளும் அணுமின் நிலையமும் இந்த 60 சதவீதத்தில் சேராது. ஆனால் 2045-ன் 100 சதவீதக் கணக்கில் அவற்றுக்கும் இடமுண்டு.

சூரியன் மறைந்த பிறகு

பகலில் சூரிய மின்சாரம் தேவைக்கும் மிஞ்சி வரும் நாட்கள் உண்டு. மாலையில் அது சரியும் நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்குகின்றன. 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கடும் வெப்ப அலையின்போது மாலை நேரத் தேவையைச் சமாளிக்க முடியாமல் சுழற்சி முறையில் மின்வெட்டு செய்யப்பட்டது. அதன் பிறகு பெரிய பேட்டரி நிலையங்கள் வேகமாக எழுந்தன. 2024-ல் அவற்றின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. மூடப்படவிருந்த டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தை 2030 வரை நீட்டிக்கவும் 2022-ல் தனிச் சட்டம் இயற்றினார்கள். இலக்கை எழுதுவதைவிட, மாலை ஏழு மணிக்கு விளக்கு அணையாமல் அதை நிறைவேற்றுவதே கடினமான வேலை.

பில்லைக் கட்டுவது யார்?

கலிஃபோர்னியாவின் மின்கட்டணம் அமெரிக்காவிலேயே மிக அதிகமான கட்டணங்களில் ஒன்று. சுத்தமான ஆற்றல் மட்டுமே அதற்குக் காரணமல்ல. மின்கம்பிகளால் காட்டுத்தீ ஏற்படாமல் தடுக்கும் செலவும் அதில் பெரும் பங்கு. சொந்த வீட்டில் சோலார் பலகை வைத்தவரின் பில் குறைகிறது. கம்பிகளையும் கம்பங்களையும் பராமரிக்கும் செலவோ வாடகை வீட்டில் இருப்பவர் மீது கூடுதலாக விழுகிறது என்ற வாதம் எழுந்தது. சோலார் ஆதரவாளர்கள் இதை மறுத்தார்கள். ஆயினும், 2023 ஏப்ரலுக்குப் பின் சோலாருக்கு விண்ணப்பிக்கும் வீடுகள் மின்கட்டமைப்புக்குத் தரும் உபரி மின்சாரத்தின் ஈட்டுத் தொகையை, மாநில ஒழுங்குமுறை ஆணையம் பெரிதும் குறைத்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணத்தில் 30 முதல் 35 சதவீதம் வரை தள்ளுபடி தரும் திட்டமும் அங்கு உண்டு.

நமக்கான பாடம்

இந்தியாவிலும் 2003 மின்சாரச் சட்டம், விநியோக நிறுவனங்கள் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை எத்தனை சதவீதம் வாங்க வேண்டும் என நிர்ணயிக்கும் பொறுப்பை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களிடம் தந்துள்ளது. எனவே இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

காற்றைக் கெடுக்காமல் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பது அமானிதம் பேணுதல். அதன் செலவை ஏழையின் தலையில் கட்டாமல் இருப்பது நீதி. இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்ள மார்க்கம் நமக்கு இடம் தரவில்லை. மின்கொள்கை பற்றி நம் பகுதியில் பேச்சு வரும்போது, எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, அந்தச் செலவு யார் பில்லில் ஏறும் என்றும் கேட்போம். அத்துடன், ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறியை இன்றே நிறுத்துவோம். வீண்விரயத்தைத் தவிர்க்க எந்தச் சட்டத்திற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.