ஏழு கன்னியர் மலையும் இருண்ட வானும்

நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே வரிசையாக எழுந்து நிற்கும் சிகரங்களை ஏழு கன்னியர் மலை என்பர். சிங்கள மக்கள் சப்த கன்யா என வழங்குவர். தமிழகத்துக் கிராமங்களில் நீர்நிலைக் கரையிலே ஏழு கன்னியரை வைத்து வணங்கும் மரபில் வந்தவர்க்கு இப்பெயர் அந்நியமானதன்று. தேயிலைப் பசுமைக்கு மேலே முகில் போர்த்து நிற்கும் இம்மலையின் மடியில், ஓரிரவில் 191 உயிர்கள் அடங்கின.

அது 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆந் திகதி. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து மக்கா யாத்திரை புறப்பட்ட 182 பேரையும், பணியாளர் ஒன்பதின்மரையும் சுமந்து, ஒல்லாந்து நாட்டு மார்ட்டினெயார் நிறுவனத்தின் டி.சி. 8 ஜெட் விமானம் வந்துகொண்டிருந்தது. கட்டுநாயக்கவில் இறங்கிப் பின்னர் ஜித்தா செல்வது ஏற்பாடு. இரவு பத்து மணியளவில், கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல்மைல் தொலைவில், சுமார் 4,355 அடி உயரத்தில் அது மலையில் மோதியது. ஒருவரேனும் பிழைக்கவில்லை.

இருளிலே விமானம் மலையில் மோதிற்று என்றால் மனம் முதலில் எதனை நினைக்கும்? மின்சாரம் அற்றிருக்கும், விளக்குகள் அணைந்திருக்கும், விமானி வழி தெரியாது தவித்திருப்பான் என்றே நினைக்கும். அப்படி நேர்வதும் உண்டு. அதனை முதலிற் பார்ப்போம்.

பயணிகள் ஜெட் விமானத்தில் எஞ்சின்களே மின்பிறப்பாக்கிகளைச் சுழற்றுகின்றன. அவை யாவும் நின்றால் பற்றரி கைகொடுக்கும்; ஆனால் அதன் ஆயுள் நிமிடக் கணக்கே. ஆகவே விமானியின் முதற் கடமை பழுதைத் தேடுவதன்று. சிறகுகளை மட்டமாக வைத்து விமானத்தைப் பறக்கச் செய்வதே. அடுத்தது, சமையற்கட்டு அடுப்பு முதலிய இன்றியமையாதவை அல்லாத செலவுகளை நிறுத்தி, கையிலுள்ள மின்சாரத்தைச் சிக்கனமாக்குவது. பின்னர், அண்மையிலுள்ள நிலையத்தை நாடி இறங்குவது. சொல்லுதற்கு எளிய இக்கடமைகள், அடிவானமே தெரியாத இரவில் எத்துணைக் கடினமாகின்றன என்பதற்குச் சான்று உண்டு.

1969 ஜனவரி 18ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து ஒரு போயிங் 727 எழுந்தது. அதன் மூன்று மின்பிறப்பாக்கிகளுள் ஒன்று முன்னரே செயலற்றிருந்தது. எழுந்த சிறிது நேரத்தில் ஓர் எஞ்சினில் தீ எனும் எச்சரிக்கை வரவே, அதனை நிறுத்தினர். எஞ்சிய ஒரே மின்பிறப்பாக்கியும் பின்னர் ஓய்ந்தது. கீழே கருங்கடல், மேலே கருவானம். விமானம் மட்டமாக நிற்கின்றதா, சாய்கின்றதா என்று காட்டும் கருவியும் இல்லை. 38 பேர் மாண்டனர்.

2008 ஜனவரி 7ஆந் திகதி பாங்கொக் நகரை நெருங்கிய அவுஸ்திரேலிய ஜம்போ விமானமொன்றில் சமையற்கட்டு நீர் கசிந்து மின்சாதனங்களுக்குள் புகுந்தது. நான்கு மின்பிறப்பாக்கிகளில் மூன்றின் மின்சாரம் அற்றுப்போயிற்று. எனினும் பகற்பொழுது, நிலையமோ அருகில். 365 பேரும் சேமமாக இறங்கினர்.

ஏழு கன்னியர் மலை விபத்தை ஆராய்ந்தவர்களோ மின்சாரத்தின்மேற் குற்றம் சாட்டவில்லை. தாம் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்தனர். விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகக் கருதி, உயரும் மலைக்குள் இறங்கினர் என்பதே அவர்கள் கண்ட முடிவு. டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தமை தவறான பொருள் கொள்ள இடமளித்தது எனவும் கருதினர்.

டொப்ளர் என்பது என்ன? ஹட்டன் நிலையத்தில் நிற்காது விரையும் புகைவண்டியின் ஊதல், நம்மை நெருங்கும்போது கூர்மையாகவும் கடந்தபின் தணிந்தும் கேட்பதில்லையா? அதே நியதிப்படி, தரைக்கு அனுப்பிய வானொலி அலை திரும்பி வரும்போது அடையும் மாற்றத்தால் விமானத்தின் வேகத்தை அளப்பது அக்கருவி. கடைசியாக அறிந்த இடத்திலிருந்து வேகத்தையும் நேரத்தையும் கொண்டு இருப்பிடம் கணிக்கப்படும். கணக்கிற் சிறு பிழை நுழைந்தால் தூரம் கூடக்கூட அதுவும் கூடும். நெடுங்கடலைத் தாண்டி வருவோர்க்கு இது சிறு விடயமா?

இங்கேதான் நான் அஞ்சுகிறேன். விளக்கு அணைந்தால் விமானிக்கு ஆபத்துத் தெரிகிறது, அவன் விழிப்படைகிறான். விளக்கு எரிய, முள் அசைய, கணக்கு மட்டும் பிசகியிருந்தால் அவனை எச்சரிப்பது யார்?

இக்கேள்வி அக்காலத்தில் உலகெங்கும் எழுந்தது. இம்மலையில் மோதுவதற்கு மூன்றே நாட்களுக்கு முன், 1974 டிசம்பர் முதலாந் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதன்பின் நிலம் நெருங்குவதை உரத்துச் சொல்லும் எச்சரிக்கைக் கருவியை அந்நாடு கட்டாயமாக்கிற்று. அதனை உருவாக்கியவருள் முதன்மையானவர் டொன் பேற்மன் எனும் பொறியியலாளர். முதலிற் செய்த கருவி நேர் கீழேயுள்ள நிலத்தையே அறியும். செங்குத்தாக எழும் மலையை முன்கூட்டிக் காணாது. 1990களில் வந்த கருவியோ உலக நிலப்படத்தைத் தன்னுள்ளே கொண்டு, எதிரேயுள்ள மலையையும் முன்னறிந்து கூறுகிறது.

ஆயினும் அதுவும் மின்சாரத்தில் இயங்குவதே. ஆகையால் கருவிகள் யாவற்றிற்கும் மூத்த விதியொன்று இன்றும் நிலைத்திருக்கிறது: இருப்பிடம் ஐயமற உறுதிப்படும்வரை, அப்பகுதியின் பாதுகாப்பான உயரத்தை விட்டு இறங்காதே. ஒரு கருவி சொல்வதை மற்றொன்றாற் சரிபார்; நிலையத்தாரையும் கேள்.

இம்மலையடிவாரத்து நீர், நோட்டன் அணையில் தேங்கி, 1950 முதல் லக்ஷபான மின்னிலையத்தை இயக்கி நாட்டுக்கு ஒளி தந்தது. அம்மின்சாரம் கொழும்புக்குச் சென்ற காலத்தில் தோட்டத்து லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஒளி பிறக்கும் இடத்திலேயே இருளும் இருக்கக்கூடும் என்பதை மலையகத்தார் நன்கறிவர். புனித யாத்திரை புறப்பட்ட அந்த 182 பேரில் பலர் ஊர் திரும்பாமலே இம்மண்ணில் அடக்கமாயினர். அவர்களை நினைக்குந்தோறும், எரியும் விளக்கை நம்புமுன் நாம் நிற்கும் இடத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.