முதியோர் நிதி மோசடியும் தற்காப்பும்

முதியோர் நிதி மோசடி என்பது வயது முதிர்ந்தோரின் ஓய்வூதியம், சேமிப்பு, நகை, நிலம் ஆகியவற்றை ஏமாற்றியோ மிரட்டியோ பறிக்கும் குற்றமாகும். வாழ்நாள் சேமிப்பு பறிபோனால் அதை மீண்டும் உழைத்துச் சேர்க்க முதியவர்களுக்குக் காலம் இருப்பதில்லை.

பொதுவான வழிகள்

"எண்ணியல் கைது" (டிஜிட்டல் அரெஸ்ட்) என்பது காவல்துறை அல்லது சிபிஐ அதிகாரி போலக் காணொளி அழைப்பில் தோன்றி, பணம் அனுப்பும்வரை ஒருவரை வீட்டிலேயே முடக்கி வைக்கும் மோசடி. இந்தியச் சட்டத்தில் இப்படியொரு கைது இல்லை. ஹரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியிடம் போலி நீதிமன்ற ஆணைகளைக் காட்டி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறித்தனர். இதையடுத்து உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. டிசம்பர் 1 அன்று இத்தகைய வழக்குகளை விசாரிக்குமாறு சிபிஐக்கு உத்தரவிட்டது.

சிற்றூர்களில் உதவித்தொகையே தூண்டிலாகலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மீன்பிடி ஊரான ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் அரசு நிவாரணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதியோர் உதவித்தொகையும் (2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய்) உண்டு. "பணம் ஏற வேண்டுமானால் ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்" என்று அழைப்பு வந்தால், தொகைக்காகக் காத்திருப்பவருக்கு அது உண்மை போலவே தோன்றும். பணம் பெறுவதற்கு ஓடிபியோ யுபிஐ ரகசிய எண்ணோ தேவையில்லை; பணம் வெளியே போவதற்குத்தான் அவை தேவை.

உடனே புகார் செய்வதன் பயன்

பறித்த பணத்தை மோசடியாளர்கள் பல கணக்குகளுக்கு மாற்றிய பின்பே வெளியே எடுக்கின்றனர். 1930 என்ற எண்ணுக்கு விரைவாகத் தெரிவித்தால், இடையிலுள்ள வங்கி அத்தொகையை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இன்றி வெளியாரால் பணம் பறிபோயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்றது. ரகசிய எண்ணை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. எனவே தவறு செய்தவரும் உடனே சொல்வதே நல்லது.

குடும்பத்தின் பங்கு

பிள்ளைகள் திட்டுவார்களே என்ற அச்சத்தாலும் வெட்கத்தாலும் பலர் வெளியே சொல்வதில்லை. அந்த மௌனம் மோசடியாளருக்குக் கூடுதல் நேரம் தருகிறது. கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வதைவிட, "பணம் பற்றி யார் அழைத்தாலும், முதலில் அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள்" என்று பழக்குவது பயன் தரும். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்துப் பணம் எடுக்கச் சொல்லும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணிலும் வழிகாட்டல் பெறலாம். இவ்விரு எண்களையும் முதியவரின் கண்ணில் படும்படி, தொலைபேசிக்கு அருகில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம்.