கழிவுப்பாகும் மதுவமும்

சீனி ஆலையில் பளிங்குகளைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கரிய குழம்பே கழிவுப்பாகு. அதன் எடையில் ஏறத்தாழ அரைப்பங்கு இன்னமும் சீனிதான். பிரித்தெடுப்பது கட்டுபடியாகாததால் விடப்பட்ட சீனி. றம் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கிறது.

குழம்பை அப்படியே வைத்தால் நொதிக்காது. அதன் செறிவு மதுவக் கலங்களின் நீரை உறிஞ்சிவிடும். (எங்கள் பனம்பாணி கெடாதிருப்பதும் இதனாலேயே.) ஆகவே சீனி 12 - 15 வீதமாகும்வரை நீர் விடுவார்கள். பற்றீரியாக்களை அடக்கச் சிறிது கந்தகவமிலம். நைதரசனுக்காக அமோனியம் சல்பேற்று. மதுவம் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைத்து, பின் எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. வெப்பமும் வெளிவரும், தொட்டியைக் குளிர்விக்காவிட்டால் மதுவம் தளர்ந்துவிடும்.

லோறென்ஸ்கூக்கில் நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையில் மாவோடு சேர்ப்பதும் இதே மதுவந்தான். பாண் மதுவமும் பொதுவாகக் கழிவுப்பாகிலேயே வளர்க்கப்படுகிறது. ஆனால் அங்கே ஓயாமல் காற்று ஊதி, பாகைச் சிறிது சிறிதாக ஊட்டுவார்கள். கலங்கள் பெருகும், மதுசாரம் சேராது. றம் தொட்டியில் காற்று ஊதுவதில்லை, சீனியும் தாராளம். உயிரியும் உணவும் ஒன்று, விளைவு வேறு.

பாடநூல்கள் ஒற்றைச் சமன்பாட்டோடு நின்றுவிடுகின்றன. இந்தியாவின் பெரிய வடிசாலைகளுக்கு அது போதும்: ஓரிரு நாட்களில் நொதிப்பை முடித்து, வாசனையற்ற மதுசாரம் வடித்து, மணமும் நிறமும் ஊட்டி 'விஸ்கி' என்றுகூட விற்கலாம். ஜமேய்க்காவின் ஹம்டன் வடிசாலையில் கதை வேறு. மதுவம் இடுவதில்லை, மரத்தொட்டியிலும் காற்றிலும் உள்ள காட்டு மதுவங்களே வேலை செய்கின்றன. முந்திய வடிப்பில் எஞ்சிய புளித்த நீரை, அதாவது 'டண்டரை', பாகோடு கலந்து, குழியில் அழுகவிட்ட கழிவையும் சேர்த்து வாரக்கணக்கில் விடுவார்கள். அங்கே பற்றீரியாக்கள் அழையா விருந்தாளிகள் அல்ல. அவை ஆக்கும் பியூற்றிரிக்கமிலம் ஊசிய வெண்ணெயாய் நாறும். அதே அமிலம் எதனோலோடு இணைந்து எசுத்தரானால் அன்னாசி மணம்! எம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்க் கரும்பு வெட்டிய ரியூனியனிலும் சவானா வடிசாலை இத்தகைய மெதுநொதிப்பு றம்மை வடிக்கிறது.

இது ஆய்வுகூடத்தில் பிறந்த முறையல்ல. பாஸ்தர் 1857 இல் நொதித்தல் பற்றி எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே, 18ம் நூற்றாண்டிலேயே, ஜமேய்க்கத் தோட்டங்களில் டண்டர் பயன்பட்டது. தொட்டியருகே நின்று உழைத்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். எங்கள் சீவல் தொழிலாளரும் அப்படித்தான். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. காரத்தால் மதுவத்தைக் கட்டிப்போடும் வித்தை அது. கள்ளை வாங்கிக் குடித்த வீடுகள் அவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்தின. யாழ்ப்பாணத்தில் நான் கற்பித்த இரசாயனப் பாடத்திட்டத்தில் அந்தச் சுண்ணாம்புக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை.