புரொசீஜர் என்றொரு பிரதி

பிரதி, வாசகன், ஆசிரியனின் மரணம் என்று நாம் பேசியதெல்லாம் கதை கவிதையை வைத்துத்தான். தப்பாக வாசித்தால் ஊரையே காலி செய்ய வேண்டிவரும் பிரதிகளும் இருக்கின்றன. அணு உலையின் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் தடித்த 'புரொசீஜர்' ஏடுகள் அப்படிப்பட்டவை. எந்த வால்வைத் திறப்பது, எந்தப் பம்பை நிறுத்துவது என்று படிப்படியாக எழுதியிருக்கும். தமிழ் எம்.ஏ. கண்ணுக்கு முழுக்க ஏவல் வினை.

1979 மார்ச் 28, விடியற்காலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் இரண்டாவது உலை. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ரிலீஃப் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் பலகையில் விளக்கு அணைந்துவிட்டது. 'மூடு' என்ற உத்தரவு போய்விட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். 'மூடியது' என்று ஆபரேட்டர்கள் வாசித்தார்கள். ஏவலை இறந்தகாலமாக வாசித்த விபரீதம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வழியாக நீர் போய்க்கொண்டிருந்தது.

உலை நீரை இழந்தால் அழுத்தமும் குறையும், அழுத்தக் கலத்தின் நீர்மட்டமும் குறையும் என்று ஏட்டில் இருந்தது. அன்றைக்கு அழுத்தம் குறைந்தது, மட்டமோ ஏறியது. திறந்திருந்த வழி கலத்தின் உச்சியில் அல்லவா. அப்படியானால் இது அந்த விபத்து இல்லை. கலம் நிரம்பி வழியக் கூடாது என்பது வேறு பயிற்சியில் ஊட்டிய பாடம். தானாக ஓட ஆரம்பித்த அவசர நீர்ப் பம்புகளில் ஒன்றை நிறுத்தினார்கள், மற்றதைக் குறைத்தார்கள். உலையின் மையம் ஏறத்தாழப் பாதி உருகியது.

'ஆபரேட்டர் தவறு' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். கெமெனி ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் தந்த அறிக்கை தவறை மறுக்கவில்லை; குழப்பமான புரொசீஜர்களும் போதாத பயிற்சியும் அதற்குப் பின்னால் இருந்ததைச் சொன்னது. என்னை உறுத்துவது வேறொன்று. 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி உலையில், அதுவும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனி செய்ததுதான், வால்வு இப்படியே சிக்கி, பம்பையும் நிறுத்தியிருந்தார்கள். ஆபரேட்டர்களுக்கான அறிவுரையை மாற்றி எழுதணும் என்று 1978 பிப்ரவரியில் கம்பெனிப் பொறியாளர் ஒருவர் குறிப்பு அனுப்பினார். அது கம்பெனி மேஜைகளிலேயே தங்கிவிட்டது. வாசிக்க வேண்டியவர்கள் கைக்கு வரவேயில்லை.

பிறகுதான் எழுத்துமுறை மாறியது. பழைய ஏட்டில் சரியான பக்கத்தைத் திருப்ப, நடப்பது இன்ன விபத்து என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கதை முடிவு தெரிந்தவனுக்கு மட்டும் கதை! புதியவை அறிகுறியைக் கேட்கின்றன: அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, உலை குளிர்கிறதா. வெஸ்டிங்ஹவுஸ் உலைகளின் ஏட்டில் இரண்டு பத்தி. இடப்பக்கம் செய்ய வேண்டியதும் எதிர்பார்க்கும் விளைவும். வலப்பக்கம், அந்த விளைவு வராவிட்டால் செய்ய வேண்டியது. தன் எழுத்து பலிக்காமல் போகலாம் என்று ஆசிரியன் ஒத்துக்கொள்ளும் இடம் அது. 1982இல் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கென்றே எழுத்து வழிகாட்டி போட்டது: நிபந்தனை முன்னால், செயல் பின்னால். (தமிழில் இது பாதி தானாகவே வந்துவிடும். 'மட்டம் குறைந்தால் பம்பை ஓட்டு' என்றுதானே நம் வாக்கியம் நடக்கும்.)

ஆனால் திருத்துகிற கை யாருடையது? ஜப்பானின் டோக்காய்முராவில் ஜேசிஓ எரிபொருள் ஆலையிலும் புரொசீஜரைத் திருத்தியிருந்தார்கள், வேலை சீக்கிரம் முடிய. அரசிடம் அனுமதி வாங்கியது ஒரு முறை. யுரேனியத்தை எஃகு வாளியில் கரைக்கச் சொல்லி கம்பெனி தானே எழுதிக்கொண்ட கள்ளப்பிரதி இன்னொன்று. 1999 செப்டம்பர் 30 அன்று தொழிலாளிகள் அதையும் தாண்டி, 2.4 கிலோ வரம்புள்ள தொட்டியில் ஏறத்தாழ 16 கிலோ யுரேனியம் கொண்ட கரைசலை ஊற்றினார்கள். தொடர்வினை சுமார் 20 மணி நேரம் நீடித்தது. இருவர் இறந்தார்கள். இவ்வளவு யுரேனியம் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் அவர்களுக்குச் சரியான பயிற்சி தரப்படவில்லை.