எலும்பும் ஒரு நெசவுதான்!

"எலும்பும் தோலுமாய் இருக்கிறாளே!" என்று மெலிந்த பெண்ணைப் பார்த்து அங்கலாய்க்கிறோம். எலும்பு என்றால் உயிரில்லாத கட்டை, சதை போனபின் மிஞ்சுவது என்றுதான் நம்மில் பலருக்கு எண்ணம். உண்மை அதுவல்ல. எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது. அது தேய்கிறது, மறுபடி வளர்கிறது.

எலும்பின் அமைப்பைப் புரிந்துகொள்ள, சேலைகளுக்குப் பெயர்போன இளம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டத்தில் கஞ்சமலைக்கு அருகே உள்ள ஊர் அது. பருத்தி நூலைத் தறியில் ஏற்றுமுன் பாவுக்குக் கஞ்சி போடுவது நெசவாளர் வழக்கம். நூல் இழுப்பைத் தாங்கும்; கஞ்சி விறைப்பைக் கொடுக்கும். எலும்பிலும் இதே ஏற்பாடுதான். கொலாஜன் என்ற புரத இழைகளே நூல். அவற்றில் படிந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தே, அதாவது கால்சியம் உப்பே, கஞ்சி. ஒரு கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். உப்பு கரைந்துபோய், எலும்பு ரப்பரைப் போல வளையும்!

பெரியவர்களின் உடம்பில் 206 எலும்புகள் உண்டு. நிமிர்ந்து நிற்கவும் நடக்கவும் அவையே ஆதாரம். மண்டையோடு மூளைக்குக் கவசம். விலா எலும்புகள் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடு. தறியின் 'சடக் சடக்' ஓசை நம் காதில் விழுவதற்குக்கூட, காதுக்குள் இருக்கும் மூன்று குட்டி எலும்புகள் அசைய வேண்டும். அவற்றில் ஒன்றின் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையோ, நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது!

இவை தவிர, குடும்பத் தலைவிகள் முக்கியமாக அறிய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எலும்பு ஒரு சேமிப்புப் பெட்டி. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவிகிதம் அங்கேதான் இருக்கிறது. இருதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் இரத்தத்தில் கால்சியம் வேண்டும். சாப்பாட்டில் குறைந்தால், உடம்பு பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ளும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பிலிருந்து கொஞ்சம் செலவாகிறது. குழந்தை பால் மறந்தபின் அது பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும். ஆனால் மாதவிலக்கு நின்றபின் ஆகும் செலவு அப்படித் திரும்புவதில்லை. ஏறக்குறைய முப்பது வயதுக்குள் சேர்த்ததை வைத்துத்தான் பிறகு காலம் தள்ள வேண்டும். பாட்டியின் முதுகு கூனுவதும், குளியலறையில் வழுக்கினால் இடுப்பெலும்பு முறிவதும் பெரும்பாலும் பெட்டி காலியானதன் அடையாளங்களே.

பெட்டியில் நல்லதுதான் சேரும் என்பதில்லை. குடிநீரில் ஃபுளோரைடு உப்பு மிஞ்சினால் அதையும் எலும்பு வாங்கி வைத்துக்கொள்ளும். பல் பழுப்பேறும்; மூட்டுகள் விறைத்துப்போகும். அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் பரவியிருந்ததை ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1937-ல் எழுதி வெளியிட்டார்கள். சேலத்துக்கு அடுத்த தர்மபுரியின் நிலத்தடி நீரிலும் இந்தத் தொல்லை உண்டு. அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும்; மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200. நூறு கிராம் கேழ்வரகில் மட்டும் சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. சேலத்துச் சீமையின் பழைய களிக்கு இணை ஏது? மோர், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை எல்லாம் நல்லவையே.

உண்ட கால்சியம் உடம்பில் ஒட்ட 'டி' வைட்டமின் தேவை. அதைத் தோலில் உண்டாக்குவது வெயில். கூரைக்குள் தார் சுற்றும் பெண்ணுக்கும், மாடிக் குடித்தனத்தில் கதவடைத்திருக்கும் பெண்ணுக்கும் வெயில் கிடைப்பதில்லை. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. ஆகவே வற்றல் காயப்போடும் சாக்கிலாவது மொட்டை மாடிக்குப் போங்கள். நடப்பதும் அவசியம். சுமை தாங்காத எலும்பு இளைத்துவிடும். எடையற்று மிதக்கும் விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவிகிதத்துக்கு மேல் தேய்கிறதாம்!

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்பது நம் பெண்களின் வழக்கம். இனிப் பால் காய்ச்சும்போது மகளுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். உங்களுக்கும் ஒன்று.