திருமணத்துக்கு முன் ஒரு பரிசோதனை

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் கைக்குழந்தையுடன் வீட்டுக்கு வந்திருந்தார். அத்தை மகளை மணந்தவர். ஏழு மாதக் குழந்தையின் முகம் வெளுத்திருந்தது. பால் குடிப்பதற்குள் களைத்துப் போனது. இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி இரண்டு மாதங்கள் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பிறகுதான் அது தலசீமியா எனத் தெரிய வந்திருக்கிறது. 'நாங்கள் இருவரும் நன்றாகத்தானே இருக்கிறோம், சார். குழந்தைக்கு எப்படி வந்தது?' என்று கேட்டார். கணவன், மனைவி இருவரும் பட்டதாரிகள். அந்தக் கேள்விக்கான விடை திருமணத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தத்தின் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதை உருவாக்கும் மரபணுவில் ஒன்றைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறோம். இரண்டில் ஒன்று மட்டும் பழுதுபட்டிருந்தால் அவர் நோயாளி அல்லர், கடத்தி மட்டுமே. பெரும்பாலும் எந்தத் தொல்லையுமின்றி முழு வாழ்நாளும் வாழ்வார். கடத்திகள் இருவர் மணந்துகொள்ளும்போதுதான் சிக்கல். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீதமும், கடத்தியாக இருக்க 50 சதவீதமும், முற்றிலும் தப்பிக்க 25 சதவீதமும் வாய்ப்பு உண்டு.

இந்தக் கணக்கைப் பலர் தவறாகப் புரிந்து கொள்கிறார்கள். 'நான்கில் ஒன்று என்றார்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது' என்று நம்புகிறார்கள். நாணயத்தைச் சுண்டும்போது சென்ற முறை விழுந்தது பூவா தலையா என்பது அடுத்த முறையைத் தீர்மானிப்பதில்லை. இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது.

இந்தியாவில் 100 பேரில் 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியாவின் கடத்திகள் என மதிப்பிடப்படுகிறது. ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர். உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள தமிழகத்தில் இந்த விகிதம் வேறொரு பொருள் பெறுகிறது. ஒருவர் கடத்தி என்றால், உறவல்லாத மணமகளும் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 25-இல் ஒன்று. அத்தை மகளோ, மாமன் மகளோ என்றால் அதே மரபணு அவரிடமும் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அக்காள் மகள் என்றால் நான்கில் ஒன்று. உறவுத் திருமணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. அங்கே பரிசோதனை கூடுதல் அவசியம் என்பதே செய்தி.

'ரத்த வகை பார்த்துவிட்டோமே' என்று சொல்வோரும் உண்டு. ரத்த வகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வழக்கமான ரத்த அணுக்கள் பரிசோதனையில் சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருப்பது முதல் அறிகுறி. இரும்புச்சத்துக் குறைவிலும் இப்படித் தோன்றும் என்பதால்தான் குழப்பம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்கும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கடத்தியாக இருக்கக்கூடும். அரிவாளணு ரத்தசோகையின் கடத்தியையும் அதே பரிசோதனை காட்டிவிடும். மரபணு மாறாதது என்பதால் வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும்.

இதை விட்டுவிட்டால் குடும்பம் சுமக்க வேண்டிய பாரம் பெரிது. தீவிர தலசீமியா உள்ள குழந்தைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். மூன்று வாரக் கணக்கில் ஆண்டுக்கு 17 முறை. ஏற்றிய ரத்தத்தால் இதயத்திலும் கல்லீரலிலும் சேரும் இரும்பை வெளியேற்ற நாள்தோறும் மருந்து வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. ஆனால் பொருத்தமான கொடையாளர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அரசு மருத்துவமனையில் ரத்தம் இலவசமாகவே கிடைத்தாலும், கூலித் தொழிலாளியான தந்தைக்கு அந்த 17 நாள் ஊதியம் போய்விடும். பொருளாதாரத்தில் இதை வாய்ப்புச் செலவு என்போம். எந்த ரசீதிலும் அது பதிவாவதில்லை.

பெற்றோர் பரிசோதனைக்குத் தயங்கக் காரணம் அறியாமை மட்டுமன்று, அச்சமும்தான். 'பெண்ணுக்கு ஏதோ குறை' என்று பேச்சு வந்தால் வரன் அமையாது என்று அஞ்சுகிறார்கள். இருவரும் கடத்தியாக இருந்தால்தான் நோய் வரும் எனும்போது, பெண்ணை மட்டும் சோதிப்பதில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. கடத்தி, கடத்தியல்லாதவரை மணந்தால் குழந்தைக்குத் தீவிர நோய் வர வாய்ப்பில்லை என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்.

மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் கடத்தியாக இருந்த சைப்ரஸ் நாடு, 1970-களில் இந்தச் சிக்கலை எதிர்கொண்டது. பரிசோதனை செய்துகொண்ட சான்று இருந்தால்தான் தேவாலயத்தில் திருமணம் என்ற ஏற்பாடு வந்தது. முடிவு மணமக்களுக்கு மட்டுமே தெரியும்; இருவரும் கடத்தியானாலும் திருமணத்துக்குத் தடையில்லை. இருந்தும், நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இல்லை என்னும் அளவுக்குக் குறைந்தது. அவர்கள் திருமணத்தைத் தடுக்கவில்லை. தகவலை உரிய நேரத்தில் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் அரிவாளணு நோய் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. தலசீமியாவுக்கும் இத்தகைய முனைப்பு வேண்டும்.

பரிசோதனைக்கு ஏற்ற காலம் கல்லூரிப் பருவம். முடிவை மாணவரிடம் மட்டும் தெரிவித்து, ஆலோசனையும் வழங்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்களுக்குக் கருவுற்ற தொடக்க வாரங்கள் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்காகத் தாய்மார்கள் 12 வாரங்களுக்குள் பதிவு செய்கிறார்கள். அப்போதே இப்பரிசோதனையும் எல்லா இடங்களிலும் நடக்க வேண்டும். தாய் கடத்தி என்றால் உடனே கணவரையும் சோதிக்க வேண்டும். இருவரும் கடத்தி என்றால் 10 முதல் 12 வாரங்களில் நஞ்சுக்கொடித் திசுவை ஆராய்ந்து கருவின் நிலையை அறியலாம். காலம் கடந்தால் அந்தத் தம்பதியின் முன் உள்ள வழிகள் சுருங்கிவிடும்.

என் மாணவரின் மகன் இப்போது பள்ளிக்குச் செல்கிறான், மாதந்தோறும் மருத்துவமனைக்கும்தான். சென்ற ஆண்டு அவருடைய தங்கைக்கு வரன் பார்த்தபோது, ஜாதகத்துடன் இந்தப் பரிசோதனையையும் அவரே முன்மொழிந்தார். தங்கை கடத்தி, மாப்பிள்ளை அல்லர். இரு குடும்பங்களும் மருத்துவரிடம் விளக்கம் கேட்டன, திருமணம் நடந்தது. பரிசோதித்தால் வரன் தட்டிப்போகும் என்று அஞ்சும் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.